எண்ணெய் எஞ்சினும் அதற்குரிய மசகெண்ணெயும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் பயிரிடும் குடியானவர் பலர் ஆற்றுநீரை மாத்திரம் நம்பியிருக்க இயலாது. 1895-ல் பெரியாறு அணையும் 1959-ல் வைகை அணையும் ஏற்பட்ட பின்னரும், பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரையிலுள்ள 45,041 ஏக்கரே இருபோகப் பாசனமாயிருக்கிறது. கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கத்திலுள்ள 85,563 ஏக்கரும், திருமங்கலம் பிரதானக் கால்வாயைச் சேர்ந்த 19,439 ஏக்கரும் ஒருபோகமே. அந்த ஒரு போகத்திலும் மழை பின்தங்கிய வருஷங்களில் முறைவைத்துத் தண்ணீர் விடவேண்டியதாகி, கடைமடை வயல்கள் காயத் தொடங்குகின்றன. அப்பொழுது பயிரைக் காப்பது கிணறுதான். மின்சார இணைப்புள்ளவர் மோட்டாரை முடுக்கிவிடுகிறார். இணைப்புக்கு மனுச் செய்துவிட்டுக் காத்திருப்பவரும், வாய்க்காலிலிருந்தோ கண்மாய்ப் பள்ளத்திலிருந்தோ இறைக்க வேண்டியவரும் டீசல் பம்ப்செட்டைக் கொண்டே காலந்தள்ளுகின்றனர்.

அவ்வித எஞ்சின் ஒன்று நெல் பொதியிலிருக்கும் சமயத்தில் நின்றுபோகுமாயின், நஷ்டம் எஞ்சினின் விலையோடு நிற்பதில்லை. பயிர் சாவியாகும்; பயிரை நம்பி வாங்கிய கடன் தவணை கடக்கும்; ஜாமீன் கையெழுத்துப் போட்ட அண்டைவீட்டாரின் மனமும் கசக்கும். சங்கங்களின் புத்தகங்களைப் பார்வையிடும் உத்தியோகத்தில் இருப்பவர்கள் இத்தகைய பாக்கிகளை அடிக்கடி காண்கிறோம். காரணம் கேட்டால், "எஞ்சின் மட்டமானது" என்றோ, "ராசியில்லாதது" என்றோ விடை வருகிறது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்த லேத் பட்டறைக்காரரைக் கேட்டால் அநேக சமயங்களில் அவர் வேறொன்றைச் சொல்லுகிறார். அதாவது, ஊற்றவேண்டிய எண்ணெயை ஊற்றாமல் வேறு எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள் என்பதே. அதைப் பற்றிச் சற்று விவரமாக எழுத உத்தேசம்.

கவலையும் ஏற்றமும் இறைத்துவந்த கிணறுகளில் எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் வைத்துப் பார்க்கலாமென்று சென்னை மாகாணத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முயன்று காட்டியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் எஞ்சினியர். அக்காலத்து எஞ்சின்கள் கனமானவை; நிதானமாகச் சுழல்பவை. அவற்றிற் பலவற்றில் மசகெண்ணெய் மேலேயுள்ள கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழும். ஓட்டுபவர் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். இன்றைய எஞ்சினில் எண்ணெய் அடித்தொட்டிக்குள் மறைந்திருக்கிறது. சிறிய பம்ப்செட்டுகள் பலவற்றில் கனெக்டிங் ராடின் அடியிலுள்ள சிறு அகப்பை போன்ற உறுப்பு ஒவ்வொரு சுற்றிலும் அத்தொட்டியில் முழுகி எண்ணெயை வாரியிறைக்கிறது. மற்றவற்றில் ஒரு சிறு பம்பு அதைத் துவாரங்களின் வழியே செலுத்துகிறது. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாததனால், ஏதோ ஓர் எண்ணெய் இருந்தால் போதுமென்ற எண்ணம் உண்டாகிவிட்டது.

மாட்டுவண்டியின் அச்சுக்கு மை இடுவதை அறியாதவர் கிராமத்தில் இல்லை. அங்கே சக்கரம் மெதுவாகச் சுழல்கிறது, உஷ்ணம் சொற்பம், ஆகையால் வழுவழுப்பு ஒன்றே போதும். எஞ்சினுக்குள் கிராங்க் தண்டு நிமிஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுற்று வரையிலும் சுழல்கிறது. அத்தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மயிரிழையினும் மெல்லிய இடைவெளி விடப்பட்டிருக்கிறது. தண்டு வேகமாகச் சுழலும்போது எண்ணெயைத் தன்னோடு இழுத்து அந்த இடைவெளிக்குள் புகுத்துகிறது. அவ்வெண்ணெயின் அழுத்தத்தினால் தண்டு பேரிங்கைத் தொடாமலே மிதக்கிறது. ஓடும் எஞ்சினில் இரும்பு இரும்பின்மேல் உராய்வதில்லை என்பதைக் கேட்டு ஆச்சரியப்படுபவர் உண்டு. ஆனால் விஷயம் அதுதான். அந்த எண்ணெய்ப் படலம் அறுந்த கணமே உராய்வு தொடங்குகிறது. சூடேறுகிறது, சூட்டினால் எண்ணெய் இன்னும் நீர்த்துப்போகிறது, பேரிங்கின் மேலுள்ள மெதுவான உலோகம் இளகி வழிகிறது, பிஸ்டன் விரிந்து லைனரைக் கவ்விக்கொள்கிறது. பட்டறைக்காரர் "சீஸ் ஆகிவிட்டது" என்று சொல்வது இந்த நிலைமையையே.

இதைத் தவிர எண்ணெய்க்கு வேறு வேலைகளும் உண்டு. நீர் செல்லமுடியாத பிஸ்டனின் அடிப்பாகத்திலிருந்து சூட்டை வாங்கிக்கொள்வது, ரிங்குக்கும் லைனருக்கும் இடையில் காற்று கசியாமல் அடைப்பது, டீசலிலுள்ள கந்தகம் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிப்பது, புகைக்கரியைக் கழுவித் தன்னுள் தாங்கிக்கொள்வது ஆகிய யாவும் அதனுடையவை. கடையெண்ணெயில் பலவித மருந்துச் சரக்குகள் சேர்க்கப்படுவது இதற்காகவே. ஒரே நிறமும் ஒரே வழுவழுப்புமுள்ள இரண்டு எண்ணெய்களில் ஒன்றில் அச்சரக்கு இருக்கும், மற்றதில் இராது. விரலில் தொட்டு, முகர்ந்து பார்த்து எண்ணெய் வாங்கும் பழக்கம் நல்லெண்ணெய்க்குப் பொருந்தலாம். எஞ்சின் எண்ணெய்க்குப் பொருந்தாது.

ஆமணக்கெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. அது மிகச் சிறந்த மசகு என்று பெரியவர்கள் சொல்வது பொய்யன்று. 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் ஆகாயவிமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெயையே ஊற்றினார்கள். அது பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதே முக்கிய காரணம். காஸ்ட்ரால் என்ற எண்ணெயின் பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததே. ஆனால் அவ்விமான எஞ்சின்களில் எண்ணெய் ஒருமுறை உள்ளே சென்று வெளியே சிதறிப்போகும், தங்குவதில்லை. நமது பம்ப்செட்டிலோ அது தொட்டியில் தங்கிப் பல மணி நேரம் காய்கிறது. அப்படிக் காய்ந்த ஆமணக்கெண்ணெய் பிசினாகி, ரிங்குகளை அவற்றின் பள்ளத்திலேயே ஒட்டவைத்துவிடும். கனிஜ எண்ணெயோடு அது சரிவரக் கலப்பதுமில்லை. ஆகையால் அவசரத்துக்குக்கூட அதை எஞ்சின் தொட்டியில் விடலாகாது. கடலையெண்ணெயும் தேங்காயெண்ணெயும் அதைவிட மோசம்.

இனி டின்னின் மேலுள்ள இலக்கத்துக்கு வருவோம். "30 நம்பர்", "40 நம்பர்" என்று கடைகளில் வழங்குவது எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும். அமெரிக்காவிலுள்ள மோட்டார் எஞ்சினியர்கள் சங்கத்தார் 1911-ல் இம்முறையை வகுத்தபடியால் எஸ்.ஏ.இ. என்ற மூன்று எழுத்துக்கள் அதன் முன்னே காணப்படும். கொதிநீரின் சூட்டில், அதாவது 100 டிகிரியில், எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதே இந்த இலக்கத்தின் ஆதாரம். 30 நம்பர் எண்ணெய் அச்சூட்டில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையிலும், 40 நம்பர் 12.5 முதல் 16.3 வரையிலும் இருக்கவேண்டும். சாதாரண 40 நம்பர் எண்ணெய் 40 டிகிரி வெயிலில் இதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டியாயிருக்கும். இதனால்தான் கடையில் டின்னைச் சாய்த்துப் பார்த்துக் கெட்டியென்று மெச்சுவதில் பயனில்லை என்கிறோம். சூடேறியபின் எப்படியிருக்குமென்பது அதிலிருந்து தெரியாது. 15டபிள்யூ-40 என்று இரண்டு இலக்கமிட்ட எண்ணெய் குளிரில் அதிகம் கெட்டிப்படாமலும் சூட்டில் 40 நம்பரைப் போலவும் இருக்கும்படி செய்யப்பட்டது.

இலக்கம் பெரிதானால் எண்ணெய் உயர்ந்தது என்று எண்ணிச் சிலர் 90 நம்பர் எண்ணெயை எஞ்சினில் ஊற்றுகின்றனர். 90 என்பது கியர் எண்ணெய்க்குரிய வேறொரு அளவுக் கணக்கு. கெட்டித்தன்மையில் அது எஞ்சின் எண்ணெயின் 40, 50 நம்பர்களுக்குச் சமீபமானதே. படிக்கணக்கையும் பலக்கணக்கையும் ஒன்றாக வைத்து எண்ணுவது போன்றது இந்தத் தவறு. கெட்டித்தன்மை கிட்டத்தட்ட ஒத்திருந்தாலும், பற்சக்கரங்களின் பெரும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கியர் எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் அடங்கிய சரக்கு சேர்க்கப்படுகிறது. எஞ்சினின் சூட்டில் அது செம்பு கலந்த பேரிங்குகளையும் புஷ்களையும் அரிக்கக்கூடும். கரியைக் கழுவும் சரக்கும் அதில் இல்லை.

திருமங்கலம் தாலுகாவில் ஒரு கிராமத்தில் கண்ட நிலைமையை இங்கே சொல்லலாம். சங்கத்துக் கடனில் வாங்கிய 5 குதிரைச் சக்தி டீசல் பம்ப்செட் அது. முதல் வருஷம் குறையின்றி ஓடிற்று. அடுத்த வருஷம் இரண்டரை ஏக்கர் நெல் பொதி கட்டிய வாரத்தில், புகை கக்கி, உள்ளே சுத்தியால் தட்டுவது போன்ற சப்தம் கேட்டு, அரைமணி நேரத்தில் நின்றுவிட்டது. கைப்பிடி போட்டு இருவர் சேர்ந்து சுற்றியும் சக்கரம் அசையவில்லை. விற்றவர் மோசம் செய்துவிட்டாரென்றும், தவணை கட்ட இயலாதென்றும் சங்கத்துக்கு மனு வந்தது. எஞ்சினை மதுரைக்குக் கொண்டுசென்று பிரித்தபோது எஞ்சினின் சொந்தக்காரரும் உடனிருந்தார். ரிங்குகள் கரியோடு சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. கீழ்ப் பேரிங்கின் மேலுலோகம் பாதி காணவில்லை. மீதியில் மணல் போன்ற துகள்கள் பதிந்திருந்தன. தொட்டியின் அடியில் விரற்கடை உயரத்துக்குக் கறுப்பு வண்டல். "தம்பி, ஒருநாளும் எண்ணெயைக் குறையவிட்டதில்லை" என்றார் அவர். அது உண்மைதான். குறையும்போதெல்லாம் அவர் ஊற்றிவந்தது நகரத்தில் பீப்பாயிலிருந்து அளந்து விற்கும் உதிரி எண்ணெய். பஸ், லாரிகளிலிருந்து வடித்த கழிவெண்ணெயை வடிகட்டித் தெளியவைத்து, அதை "40 நம்பர்" என்று கொடுத்திருக்கிறார்கள்.

கழிவெண்ணெயை முறைப்படி காய்ச்சி வடித்து, புதிய சரக்குகளைச் சேர்த்து மறுபடி நல்லெண்ணெயாக்கும் தொழிற்சாலைகள் உண்டு. அவற்றைக் குறைகூற வேண்டியதில்லை. துணியில் வடிகட்டி விற்பது வேறு. அதில் அமிலம் அப்படியே இருக்கிறது. அமிலத்தை முறிக்கும் சரக்கு தீர்ந்துவிட்டது. துணியின் கண்ணில் நில்லாத நுண்துகள் பேரிங்கை அரைக்கிறது. மேற்படி குடியானவர் பிஸ்டன், லைனர், பேரிங் ஆகியவற்றுக்கும் கிராங்கைக் கடைந்து கொடுத்த கூலிக்கும் செலவிட்ட தொகையில், டின்னில் அடைத்த எண்ணெயைப் பல வருஷங்களுக்கு வாங்கியிருக்கலாம். அந்த நாட்களில் அவர் அடுத்த கிணற்றுக்காரரிடம் மணிக்கணக்குப் பேசித் தண்ணீர் வாங்கி ஒன்றரை ஏக்கரை மட்டும் கரை சேர்த்தார். கடனுக்குத் தவணை நீட்டிக்கும்படி சங்கத்தார் சிபாரிசு செய்ததை நியாயமென்றே கருதுகிறேன். ஏனெனில் அவருக்குக் கடன் கொடுத்தவர்களோ, எஞ்சினை விற்றவர்களோ எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எஞ்சினோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் அச்சாகி, பெட்டியிலேயே கிடந்தது.

எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்பதும், கறுக்காவிட்டால் நல்லது என்பதும் பரவியிருக்கும் மற்றொரு தப்பபிப்பிராயம். டீசல் எஞ்சினில் புதிய எண்ணெய் சில மணி நேரத்திலேயே கறுப்பது, அது கரியைக் கழுவித் தாங்குகிறது என்பதற்கு அடையாளம். இக்குணம் பழைய எண்ணெய்களில் இருந்ததில்லை. 1930-களில் அமெரிக்காவில் டீசல் டிராக்டர்கள் பெருகியபோது ரிங்குகள் ஒட்டிக்கொண்டு எஞ்சின்கள் கெட்டன. கேட்டர்பில்லர் கம்பெனியாரும் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியாரும் கூடி ஆராய்ந்ததில், கழுவும் சரக்கு சேர்ந்த எண்ணெய் 1935-ல் பிறந்தது. நமது ஊரிலும் கரியின் தொல்லையை அறிந்த ஒரு காலம் இருந்தது. 1912-ல் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனத்தார், இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மரக்கரியிலிருந்து வாயு உண்டாக்கி பஸ்களை ஓட்டும் யந்திரங்களைச் செய்தார்கள். அவ்வாயுவைச் சரிவர வடிகட்டாவிட்டால் சாம்பலும் கீலும் சிலிண்டருக்குள் சென்று எண்ணெயைக் கெடுக்கும். அதனால் எஞ்சின் விரைவில் தேயும்.

இவ்விடத்தில் ஒரு விதிவிலக்கையும் சொல்லவேண்டும். கழுவும் சரக்குள்ள எண்ணெய் எல்லாப் பழைய எஞ்சினுக்கும் ஏற்றதென்று நினைக்கலாகாது. எண்ணெய் வடிகட்டி இல்லாத பழைய கனமான எஞ்சின்கள் சிலவற்றுக்குச் சரக்கில்லாத எண்ணெயையே செய்தவர்கள் விதித்திருந்தனர். அழுக்கு தொட்டியின் அடியில் படிந்து கிடக்கட்டும், சுற்றிவர வேண்டாம் என்பது அவர்களுடைய கருத்து. பல வருஷ வண்டல் படிந்த எஞ்சினில் திடீரென்று கழுவும் எண்ணெயை ஊற்றினால், அவ்வண்டல் கட்டிகட்டியாகப் பெயர்ந்து எண்ணெய்த் துவாரத்தை அடைத்துவிடுவதும் உண்டு. அத்தகைய எஞ்சினை வாங்குபவர் முதலில் தொட்டியைத் திறந்து சுத்தம் செய்யவேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடும் சிறு பம்ப்செட்டுகளில் வேறொரு விபரீதம் நடக்கிறது. சரியாகச் சூடேறுமுன் பெட்ரோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டால், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் ஓரமாக வழிந்து தொட்டிக்குள் இறங்கும். அளவுக்கம்பியைப் பார்ப்பவர் எண்ணெய் செலவாகவில்லை, கொஞ்சம் கூடியே இருக்கிறது என்று திருப்தியடைவார். கூடியது மண்ணெண்ணெய், எண்ணெய் தண்ணீர்போலாகிவிட்டது. அளவுக்கம்பியில் எண்ணெய் ஏறியிருந்தால் குறைந்திருப்பதைவிட அதிகக் கவலைப்படவேண்டும். முகர்ந்து பார்ப்பது பயன்படும் இடம் இது ஒன்றுதான். எண்ணெய் வெண்மையாக மோர்போல் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, கேஸ்கட்டைப் பார்க்கவேண்டும்.

மருந்து தெளிப்பான், புல்வெட்டி முதலியவற்றிலுள்ள டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அடித்தொட்டியே கிடையாது. எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றவேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர். இருபத்தைந்துக்கு ஒன்றானால் 40. இதற்கென்று விற்கும் 2டி எண்ணெய் எரிந்துபோகும்படி செய்யப்பட்டது. பம்ப்செட் எண்ணெயை இதில் கலந்தால் சாம்பல் படிந்து பிளக் அடைபடும். 2டி எண்ணெயைப் பம்ப்செட்டில் விட்டால் பேரிங் போகும். மோட்டார் சைக்கிளுக்குக் கார் எண்ணெய் விடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச் அதே எண்ணெயில் நனைந்திருப்பதால், டின்னில் ஜாஸோ எம்.ஏ. என்ற எழுத்தைப் பார்த்து வாங்கவேண்டும். இல்லாவிடில் கிளச் வழுக்கும். டிராக்டர்களில் எண்ணெயில் மூழ்கிய பிரேக் இருந்தால் பின்பெட்டிக்கு வெறும் 90 நம்பர் கூடாது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிச்செல்லும் புதிய டீசல் வண்டிகளுக்கு, அதாவது 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கு உட்பட்டு, புகைக்கரி வடிகட்டி பொருத்தப்பட்டவற்றுக்கு, சாம்பல் குறைந்த எண்ணெயே வேண்டும். பம்ப்செட்டுக்கு வாங்கிய டின்னில் மிச்சம் இருக்கிறதென்று வண்டியில் ஊற்றினால், நாளடைவில் அச்சாம்பல் விலையுயர்ந்த வடிகட்டியை அடைத்துவிடும்.

ஏ.பி.ஐ. என்ற எழுத்துக்களுக்குப் பின் வரும் முதல் எழுத்து 'சி' என்றிருந்தால் டீசல் எஞ்சினுக்கும், 'எஸ்' என்றிருந்தால் பெட்ரோல் எஞ்சினுக்கும் உரியதென்று கொள்ளலாம். சில டின்களில் இரண்டும் காணப்படும். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும் தம் எஞ்சினின் கையேட்டிலுள்ள எழுத்தையும் டின்னிலுள்ள எழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்க முடியும்.

சங்கங்கள் செய்யக்கூடியது என்னவெனில், பம்ப்செட்டுக்குக் கடன் வழங்கும்போது கையேட்டிலுள்ள எண்ணெயின் இலக்கத்தையும், அளவையும், எத்தனை மணி நேரத்துக்கொருமுறை மாற்றவேண்டுமென்பதையும் தமிழில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பது. செக்ரெட்டரிக்குக் கால்மணி நேர வேலை. புது எஞ்சினில் முதல் எண்ணெயைச் சீக்கிரமே வடித்துவிட வேண்டுமென்பதைச் சிவப்பு மையில் எழுதினால் நலம். தேய்ந்து பொருந்தும் உறுப்புகளின் இரும்புப்பொடி அதில்தான் இறங்குகிறது. உரமும் விதையும் விற்கும் சங்கங்கள் எண்ணெயையும் முத்திரையிட்ட டின்களாக மொத்தத்தில் தருவித்து அங்கத்தினர்களுக்கு அடக்க விலைக்கே கொடுக்கலாம். பீப்பாயிலிருந்து அளந்து விற்பதைச் சங்கம் தொடவே கூடாது.

வடித்த கழிவெண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டுதல் தவறு. 2016-ம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளில் அது அடங்கும். சங்கக் கட்டடத்தில் ஒரு பீப்பாய் வைத்துச் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குக் கொடுத்துவிடலாம். காலி டின்னைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் அடியில் இரண்டு ஆணித் துவாரம் செய்துவிடவேண்டும். பழைய டின்னில் போலி எண்ணெயை நிரப்பிப் புது மூடி இட்டு விற்பவர்களுக்கு அந்த டின் பயன்படாது.